ரிப்போர்ட் வரும்வரை, வந்த பிறகு

ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எழுந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "ரிப்போர்ட் எப்போ வரும்?" நான் 19 வருடம் லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். "நாளைக்கு சாயங்காலம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவேன். அந்தப் பதில் போதாது என்று எனக்கு உறைத்தது, என் அம்மா படுத்தபோதுதான்.

அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. நடுக்கத்தோடு காய்ச்சல். மூன்று நாள் வார்டில் வைத்திருந்து, காய்ச்சல் இறங்கியதும் மாத்திரை எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பிய சிறுநீரின் முடிவு அதற்குள் வரவில்லை. டிஸ்சார்ஜ் தாளின் கடைசியில் 'கல்ச்சர் ரிப்போர்ட் வர வேண்டியுள்ளது' என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தேன். வந்தால் யார் பார்ப்பார்கள், யார் எங்களுக்குச் சொல்வார்கள் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த நான்காம் நாள் காய்ச்சல் திரும்பி வந்தது. பதறிப்போய் போன் செய்தால், இறுதி ரிப்போர்ட் வந்து மூன்று நாள் ஆகிவிட்டது என்றார்கள். அம்மா விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரைக்கு அந்தக் கிருமி கட்டுப்படாது என்பது அதில் தெளிவாக இருந்தது. லேப் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. மாத்திரை எழுதிய டாக்டர் வேறு வார்டுக்கு மாறியிருந்தார். ரிப்போர்ட் கம்ப்யூட்டருக்குள் யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்தது.

மருந்தை மாற்றினார்கள், அம்மா தேறிவிட்டார். ஆனால் இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. அமெரிக்காவில் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் 2,644 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 41 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு முடிவு வீட்டுக்குப் போன பிறகுதான் வந்திருக்கிறது. அப்படி வந்த முடிவுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று, சிகிச்சையை மாற்றவேண்டியிருக்கக்கூடிய முடிவு.

அன்றிலிருந்து அம்மாவுக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு வரி, நான்கு கட்டம். என்ன டெஸ்ட், என்றைக்கு எடுத்தது. ரிப்போர்ட் என்றைக்கு வரும். யார் சொல்வார்கள், எந்த வழியில். கடைசிக் கட்டத்தில், என்ன சொன்னார்கள், அடுத்து என்ன. நான்காவது கட்டம் நிரம்பும்வரை அந்த டெஸ்ட் முடிந்ததாக நான் கணக்கில் எடுப்பதில்லை. கீழே சொல்வதெல்லாம் அந்த நான்கு கட்டத்தை நிரப்பும் வழிதான்.

சாம்பிள் கொடுக்கும் நாளில்

நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே முதல் மூன்று கட்டமும் நிரம்பிவிட வேண்டும். "ரிப்போர்ட் எப்போ வரும்?" என்பதோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்: "போன்ல மெசேஜ் வருமா, நான் நேர்ல வந்து வாங்கணுமா? டாக்டருக்கு நேரா போயிடுமா? முடிவைப் பார்த்து எனக்கு விளக்கிச் சொல்றது யாரு? சொன்ன நாள்ல வரலைன்னா எந்த நம்பருக்குக் கூப்பிடணும்?" பதில் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால், டெஸ்ட் எழுதிய டாக்டரின் நர்ஸுக்குத் தெரிந்திருக்கும்.

ரத்தம் எடுத்த குழாயில் ஒட்டும் லேபிளை, குழாய் அங்கிருந்து நகர்வதற்குள் ஒருமுறை படியுங்கள். பெயரும் பிறந்த தேதியும் உங்களுடையதுதானா? ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே காலையில் வந்த நாட்கள் எனக்கு நிறைய நினைவிருக்கின்றன. நீங்கள் எட்டிப் பார்த்தால் நல்ல டெக்னீஷியன் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரே உங்கள் வாயால் பெயரைச் சொல்லச் சொல்லிச் சரிபார்க்க வேண்டியவர்தான். பதிவில் இருக்கும் போன் நம்பரையும் கேட்டுவிடுங்கள். பழைய நம்பரோ, வீட்டில் நாலு பேர் எடுத்துப் பார்க்கிற போனோ என்றால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். உங்கள் முடிவை யார் முதலில் படிக்கிறார்கள் என்பதை அந்த நம்பர்தான் தீர்மானிக்கும்.

சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லிவிடுங்கள். முடி உதிர்வுக்கென்று பலர் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுக்கிறார்கள். மருந்து என்றே அதை நினைப்பதில்லை. அதிக அளவில் எடுத்தால், சில வகைத் தைராய்டு டெஸ்டுகளில் சுரப்பி தாறுமாறாகச் சுரப்பதுபோல ரிப்போர்ட் காட்டிவிடும். நன்றாக இருக்கிற தைராய்டுக்கு வீண் கவலை.

ஏன் இத்தனை நாள்

காத்திருக்கும் நாட்களில் மனம் போடும் கணக்கு ஒன்று உண்டு: "இவ்வளவு லேட் ஆகுதுன்னா ஏதோ பெருசா இருக்கு." லேபுக்குள் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கணக்கு தப்பு. நேரத்தைத் தீர்மானிப்பது டெஸ்டின் வேலைமுறை.

ரத்த அணுக்களின் எண்ணிக்கை, சர்க்கரை, உப்பு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எல்லாம் இயந்திரம் சில மணி நேரத்தில் தந்துவிடும். கல்ச்சர் அப்படி இல்லை. கிருமி வளர வேண்டும், பிறகு எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்க வேண்டும். சிறுநீருக்கு இரண்டு மூன்று நாள். ரத்தக் கல்ச்சரைப் பொதுவாக ஐந்து நாள் வைத்துப் பார்த்த பிறகுதான் 'வளர்ச்சி இல்லை' என்று முடிப்போம். நடுவில் வருவது இடைக்கால ரிப்போர்ட். காசநோய்க் கிருமி மிக மெதுவாக வளர்வது. இல்லை என்று சொல்லவே ஆறு வாரம் ஆகலாம்.

பயாப்சிதான் மனிதர்களை அதிகம் வாட்டுவது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எடுத்த சதைத்துண்டு முதலில், அது கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் மணிக்கணக்கில் ஊற வேண்டும். பிறகு அதிலுள்ள நீரை வெளியேற்றி, மெழுகை உள்ளே ஏற்றுவார்கள். இது பெரும்பாலும் இரவு முழுக்க நடக்கும். அந்த மெழுகுக் கட்டியை ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு கனத்தில் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றிய பிறகுதான் நோய்க்குறியியல் டாக்டரின் மைக்ராஸ்கோப்புக்குப் போகும். எலும்பாக இருந்தால் முதலில் அதன் சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும், அதற்குத் தனியாக நாட்கள். பார்த்தவருக்குச் சந்தேகம் என்றால் சிறப்புச் சாயங்கள் போடச் சொல்வார், அல்லது இன்னொரு டாக்டரிடம் காட்டுவார். ஒன்றுமில்லாத கட்டிகளுக்கும் இதெல்லாம் நடக்கிறது. ஐந்து நாள் என்று சொன்னது பத்து நாள் ஆனால், "கூடுதல் சாயம் போட்டிருக்காங்களா?" என்று கேளுங்கள். காரணம் தெரிந்தாலே பாதி பாரம் இறங்கும்.

இதற்கு நேர்மாறாக, சில முடிவுகள் ஓடி வரும். இரவு இரண்டு மணிக்கு ஒரு சாம்பிளில் பொட்டாசியம் 7 என்று வந்தால் காலைவரை காத்திருக்க எங்களுக்கு அனுமதி கிடையாது. 3.5-க்கும் 5-க்கும் இடையே இருக்க வேண்டியது அது. 7 என்றால் இதயத் துடிப்பே குலையலாம். உடனே போனை எடுத்து டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லி, அவர் எழுதிக்கொண்டதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்போம். மருத்துவமனையிலிருந்து "உடனே வாங்க" என்று அழைப்பு வந்தால் கிளம்பிவிடுங்கள். கேள்விகளை அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

"மறுபடி சாம்பிள் வேணும்" என்பது வேறு. அதைக் கேட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் குழாயிலேயே உறைந்திருக்கலாம், அளவு போதாமல் இருந்திருக்கலாம், ஊசி வழியாக வரும்போது சிவப்பணுக்கள் உடைந்திருக்கலாம். சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் நிறைய இருப்பதால், அது உடைந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். "என்ன காரணத்துக்கு மறுபடி?" என்று தயங்காமல் கேளுங்கள்.

தகவல் இல்லை என்றால்

"ஏதாவது இருந்தா கூப்பிடுவாங்க. கூப்பிடலைன்னா நார்மல்தான்." இந்த ஒரு நம்பிக்கையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 5,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். சரியில்லாத முடிவுகளில் 14-க்கு ஒன்று நோயாளிக்குத் தெரிவிக்கப்படவில்லை, அல்லது தெரிவித்ததற்குப் பதிவே இல்லை. பெரும்பாலும் யாருடைய அலட்சியமும் அல்ல: டாக்டர் விடுப்பில் இருப்பார், நம்பர் மாறியிருக்கும், ரிப்போர்ட் வேறு பிரிவுக்குப் போயிருக்கும்.

சொன்ன தேதிக்கு மறுநாள் காலை கூப்பிடுங்கள். பெயர், பிறந்த தேதி, சாம்பிள் கொடுத்த நாள், டெஸ்டின் பெயர், எழுதிய டாக்டர் எல்லாம் கையில் இருக்கட்டும். "ரிப்போர்ட் வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டால் "வந்துடுச்சு" என்பதோடு முடிந்துவிடும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இறுதி ரிப்போர்ட் வந்துடுச்சா? டாக்டர் பார்த்துட்டாரா? எப்போ என்கிட்ட பேசுவார்?" யார் பதில் சொன்னார் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை கூப்பிடும்போது அந்தப் பெயரைச் சொன்னால் பேச்சு முதலிலிருந்து தொடங்காது. தொந்தரவு செய்கிறோமோ என்று கூச வேண்டாம். கவுண்டருக்கு உள்ளே இருந்தபோது, இப்படி வந்த ஒரு போனால் தேங்கிக் கிடந்த ரிப்போர்ட் வெளியே வந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

டாக்டருக்கு முன் உங்கள் போனுக்கு வந்தால்

இப்போது பல இடங்களில் ரிப்போர்ட் தயாரான நிமிடமே செயலியில் வந்துவிடுகிறது, டாக்டர் பார்ப்பதற்கு முன்பே. அமெரிக்காவில் 2021 ஏப்ரலிலிருந்து, முடிவுகளை நோயாளியிடமிருந்து தேவையில்லாமல் தடுத்துவைக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. அங்கே 8,000 பேருக்கு மேல் கேட்டு 2023-இல் வெளியிட்ட ஆய்வில், உடனே வருவதே வேண்டும் என்றவர்கள் 96 சதவீதம். சரியில்லாத முடிவு வந்தவர்களுக்குக் கவலை கூடியதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது.

எப்போது திறப்பது என்பதை, அறிவிப்பு வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். வழக்கமான சர்க்கரை, கொழுப்பு டெஸ்ட் என்றால் வந்ததும் பாருங்கள். பயாப்சி, மரபணு டெஸ்ட், ஏற்கனவே பயமுறுத்தியிருக்கும் ஸ்கேன் என்றால், யாரோடு உட்கார்ந்து திறப்பது, திறந்ததும் யாரைக் கூப்பிடுவது என்று தீர்மானித்திருங்கள். மறுநாள் மருத்துவமனை விடுமுறையாக இருக்கும் இரவில் தனியாகத் திறக்காதீர்கள். டாக்டர் வாயால்தான் கேட்பேன் என்று திறக்காமல் விடுவதும் உங்கள் உரிமை. சந்திப்பு தேதி மட்டும் கையில் இருக்க வேண்டும்.

தாளைப் படிப்பது

முதலில் மேல் பகுதி: பெயர், வயது, சாம்பிள் எடுத்த தேதி, இடைக்காலமா இறுதியா. 'திருத்தப்பட்டது' என்று இருந்தால் பழைய தாளை வைத்து யாரும் முடிவெடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு கண் நேராகத் தடித்த எழுத்துக்கும் நட்சத்திரக் குறிக்கும் போகும். ஒரு மாலை நேரம், கவுண்டரில் ஒரு பெரியவர் தாளை விரித்து அப்படி ஒரு குறியின்மேல் விரலை வைத்து, "இது என்னம்மா, இதுக்கு மட்டும் நட்சத்திரம்?" என்று கேட்டார். விரல் நடுங்கியது. விளக்கிச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அன்று சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 'இயல்பு அளவு' என்பது, பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேருக்கு இருக்கும் அளவு. அதாவது நன்றாக இருப்பவர்களிலும் 20-இல் ஒருவர் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்டுகளை ஆரோக்கியமான ஒருவருக்கு எடுத்தால், ஒன்றிலாவது குறி விழும் வாய்ப்பு 64 சதவீதம். கோட்டை ஒட்டி நிற்கும் ஒற்றைக் குறி பல நேரம் ஒன்றுமே இல்லாமல் போகும்.

குறி இல்லாததாலேயே எல்லாம் சரி என்றும் ஆகாது. ஒரு பெண்ணுக்குப் போன வருடம் ஹீமோகுளோபின் 14.5, இந்த வருடம் 12.4. இரண்டுமே இயல்பு அளவுக்குள்தான். ஆனால் குறைந்துபோன அந்த இரண்டு புள்ளி எங்கே போயிற்று என்று டாக்டரைக் கேட்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். ஊர் மாறினால் அலகையும் பாருங்கள்: ஒரு நாட்டில் சர்க்கரை 126 என்று வருவது இன்னொரு நாட்டில் 7 என்று வரும், இரண்டும் ஒன்றே.

நோய் அறிகுறி இல்லாதபோது எடுக்கும் ஸ்கிரீனிங் டெஸ்டுக்குத் தனி மொழி. அங்கே 'பாசிட்டிவ்' என்றால் 'இன்னும் பார்க்க வேண்டும்' என்றுதான் பொருள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேரில் 5 பேருக்கு நோய் இருக்கிறது. டெஸ்ட் அந்த 5 பேரையும் பிடித்துவிடுகிறது. நோயில்லாதவர்களில் 100-க்கு 5 பேரைத் தவறாகச் சுட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 995 பேரில் சுமார் 50 பேருக்குப் பொய் பாசிட்டிவ். ஆக 55 பேர் நடுங்கிக்கொண்டு வெளியே வருவார்கள், அவர்களில் நோய் உள்ளவர்கள் 5 பேர். மலத்தில் ரத்தம் தேடும் டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் அடுத்தது, பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி. அதைச் செய்துகொள்ளாமல் நிறுத்தினால் முதல் டெஸ்ட் எடுத்ததற்கே பயன் இல்லை.

மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மேமோகிராமில் பை-ராட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். 0 என்றால் ஒன்றுமில்லை என்று பலர் நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். 0 என்பதற்கு 'இன்னும் முடிவாகவில்லை, கூடுதல் படமோ பழைய படமோ வேண்டும்' என்று அர்த்தம். 1, 2 கவலையில்லாதவை. 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, பெரும்பாலும் ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். 4, 5 என்றால் பயாப்சி. கருப்பை வாய்க்கு எடுக்கும் பேப் ஸ்மியரில் 'போதுமான மாதிரி இல்லை' என்று வந்தால் அது நார்மல் அல்ல, மறுபடி எடுக்க வேண்டும். தொற்று டெஸ்டுகளில் 'நெகட்டிவ்' என்பது எடுத்த நாளையும் பொறுத்தது: லேபில் செய்யும் நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. டெஸ்ட், தொற்று ஏற்பட்டிருக்கக்கூடிய நாளிலிருந்து 45 நாள் கழியும்வரை தவறவிடலாம்.

டாக்டர் முன்னால்

தனியாகப் போகாதீர்கள். மனத்தைப் பதறவைக்கும் ஒரு சொல் காதில் விழுந்தபின், அடுத்து வரும் பத்து வாக்கியம் உள்ளே போகாது. கூட வருபவர் எழுதிக்கொள்ளட்டும். டாக்டரிடம் கேட்டுவிட்டு போனில் பதிவும் செய்யலாம். பேசி முடித்ததும் நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்: "அப்படின்னா டாக்டர், இது புற்றுநோய் இல்லை, ஆனா ஆறு மாசத்துல மறுபடி ஸ்கேன் எடுக்கணும், சரியா?" தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நான்காவது கட்டத்துக்கு மூன்று கேள்விதான். இதற்கு என்ன பெயர்? இன்னும் எது உறுதியாகவில்லை? அடுத்து நான் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள்?

கவுண்டரில் அடிக்கடி கேட்ட இன்னொரு பேச்சு: "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, ரிப்போர்ட்டை எங்ககிட்டயே குடுங்க." அன்பினால் சொல்வதுதான், எனக்குப் புரிகிறது. ஆனால் ரிப்போர்ட் அப்பாவுடையது. கெட்ட செய்தி சொல்வதற்கு டாக்டர்களுக்குக் கற்றுத்தரும் 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படி முறை 2000-இல் வெளியானது. அதில் முடிவைச் சொல்வதற்கு முந்திய படி, எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று நோயாளியையே கேட்பது. வீட்டிலும் அதைச் செய்யலாம், ரிப்போர்ட் வருவதற்கு முன்பே. "என்ன வந்தாலும் உங்ககிட்டயே சொல்லணுமாப்பா, இல்லை நாங்க பார்த்துக்கவா?" நான் அம்மாவைக் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. "என் உடம்பு, எனக்குத்தான் முதல்ல தெரியணும்" என்றார்.

வைத்துக்கொள்ள வேண்டியவை

தேதி வாரியாக ஒரு ஃபைல். ஸ்கேனுக்கு எழுத்து ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்களையும் சிடியிலோ இணைப்பாகவோ கேட்டு வாங்குங்கள். அடுத்த டாக்டர் தன் கண்ணால் பார்க்க விரும்புவார். பயாப்சியின் மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் துண்டுகளையும் லேபுகள் வருடக்கணக்கில் பாதுகாக்கும். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் மறுபடி ஊசி குத்திக்கொள்வதற்கு முன், அவற்றை அனுப்பச் சொல்ல முடியுமா என்று விசாரியுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது, "இன்னும் வர வேண்டிய ரிப்போர்ட் எதாவது இருக்கா?" என்று கேட்டு, இருந்தால் அங்கேயே நோட்டில் வரி போட்டுவிடுங்கள்.

அம்மாவின் நோட்டு இப்போது மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிட்டது. முதலில் என் கையெழுத்து, இப்போது பெரும்பாலும் அவருடையது. கடைசி வரி போன வாரம் எடுத்த கண் நரம்பு ஸ்கேன். செவ்வாய்க்கிழமை வரும், டாக்டரே போனில் சொல்வார் என்று எழுதியிருக்கிறார். நான்காவது கட்டம் காலி. பக்கத்தில் பென்சிலால் சின்னதாக, 'புதன் காலை நானே கூப்பிடணும்.'